கரைக்கதவு

ஜனவரி 2, வெள்ளி

புது வருடத்துக்கு ஆபீஸில் எல்லோருக்கும் டைரி கொடுத்தார்கள். ரேஞ்சர் ஐயாவுக்குத் தோல் அட்டை போட்டது. எனக்கு உரக்கம்பெனி விளம்பரம் போட்டது. இருக்கட்டும், உள்ளே தாள் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பத்தாவது முடித்த பிறகு நான் எழுதியதெல்லாம் கொறண்டிக்குளம் பறவைகள் சரணாலயத்து டிக்கெட்டில் தேதி மட்டும்தான். இனி கொஞ்சம் கூடவும் எழுதிப் பார்க்கலாம்.

என் வேலை 'கூடாது' சொல்வது. சத்தம் போடக் கூடாது. கை தட்டக் கூடாது. ஃபிளாஷ் போடக் கூடாது. போனில் பறவைக் குரல் போட்டுக் கூப்பிடக் கூடாது. பறவை பார்க்கிற கோபுரத்துக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டக் கூடாது. நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வந்து புருஷனிடமும் அதே குரலில் பேசுகிறேன். "நான் என்னா டூரிஸ்டா?" என்று கேட்கிறார்.

பளீர் நிறத்தில் உடுத்தி வந்தால் பறவை மிரளும். அதற்காக ஆபீஸில் மண் நிறத்தில் சால்வைகள் வாங்கி வைத்திருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள் கட்டி வருகிறவர்களுக்கு அதைப் போர்த்திவிட வேண்டும். இன்று ஒரு மதுரைக்கார அம்மா பட்டுச்சேலையில் வந்தாள். சால்வையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத யார் யார் போட்டதோ" என்றாள். "நாரை போட்டதில்லம்மா, தைரியமா போடுங்க" என்றேன். புகார் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

கண்மாய்க் கரை ஆரம்பிக்கிற இடத்தில் இரும்புக் கதவு. போன வருடம் போட்டது. கரை வழியே போனால் முதலில் கோபுரம், அப்புறம் கூடு கட்டிய கருவேல மரங்கள், கடைசியில் எங்கள் ஊர்ச் சுடுகாடு. ஊர்க்காரர்கள் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் கரையில் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கேதம் விழுந்தால் பாடை கொண்டுபோக மட்டும் திறந்துவிட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு. சாவி என் இடுப்பில்தான் கிடக்கும், பாவாடை நாடாவில் கோத்து. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. தொலைந்தால் வேலை போய்விடும் என்று ரேஞ்சர் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 4, ஞாயிறு

கூட்டம். ஒருத்தன் நாரைகள் பறக்கிற மாதிரி போட்டோ வேண்டுமென்று கை தட்டினான். "ஏப்பா, நீ ஒன் வீட்ல தூங்கிக்கிட்டு இருக்கப்ப நான் வந்து தகரத்தத் தட்டுனா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அவனுடைய பெண்டாட்டி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமாவின் கச்சேரி. என் மாமனார் அடைக்கலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கட்டிலோடு கிடக்கிறார். இருமல் விட்ட நேரமெல்லாம் பறவைகளைத் திட்டுகிறார். இந்த ஊரில் பறவையைத் திட்டுகிற ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் ஊரில் ஐப்பசியில் நாரை இறங்கினால் பங்குனியில் அது கிளம்புகிற வரைக்கும் வேட்டு கிடையாது, கொட்டு கிடையாது, மைக் செட் கிடையாது. தீபாவளிக்குப் பிள்ளைகள் மத்தாப்பு மட்டும் பிடிக்கும். யாரும் சட்டம் போடவில்லை. ஊர் தானாக வைத்துக்கொண்டது. மாமாவின் கல்யாணம் தை மாதத்தில். அவருடைய மாமனார் வெளியூர்க்காரர், மேளம் இல்லாமல் பெண் தருவதாவது என்று சண்டை போட்டாராம். கடைசியில் மேளக்காரர்கள் வந்து, சாப்பிட்டுவிட்டு, வாசிக்காமலே போனார்களாம்.

"ஊமைக் கல்யாணம்த்தா எனக்கு நடந்தது" என்றார் இன்றும். "நான் செத்தாலாச்சும் கொட்டு அடிக்கச் சொல்லு ஒம் புருசன. வேட்டு போடச் சொல்லு. இந்தக் கழுதைக அம்புட்டும் மலேசியா வரைக்கும் பறக்கணும்."

"நீங்க சித்திரையில சாகுங்க மாமா, ஜோரா அடிச்சிருவோம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, முதுகைத் தடவிவிட வேண்டியதாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் சோலையன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, ஒங்க அப்பன் பாட்டன் எல்லாம் கரை வழியாத்தான் போனாக. பேசாமத்தான் போனாக. நீங்களும் அப்படித்தான்" என்றார்.

ஜனவரி 6, செவ்வாய்

வார விடுமுறை. போர்வைகளைத் துவைத்தேன். மாமா கஞ்சியைத் தள்ளிவிட்டார்.

ஜனவரி 9, வெள்ளி

நல்ல செய்தி. ரேஞ்சர் ஞானதுரை ஐயா கூப்பிட்டுச் சொன்னார். நிரந்தரப் பணிக்கு அனுப்பியிருக்கும் பெயர்களில் என் பெயரும் இருக்கிறதாம். தை முடிவதற்குள் உத்தரவு வந்துவிடுமாம்.

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதி வைக்கிறேன். தினக்கூலி என்றால் பங்குனியில் பறவையோடு சேர்ந்து என் வேலையும் பறந்துவிடும். அப்புறம் ஐப்பசி வரை கரிமூட்டம்தான். சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, மண் மூடி, தீ வைத்து, புகையில் நின்று கரி அள்ள வேண்டும். என் முழங்கையில் இருக்கிற தழும்பைப் பார்த்து ஒரு டூரிஸ்ட் பிள்ளை "ஆன்ட்டி, கொக்கு கொத்திருச்சா?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லி வைத்தேன். இனி ஒருநாள்கூட நான் அந்தப் புகையில் நிற்க மாட்டேன். சாமி சத்தியமாக மாட்டேன்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். பொங்கல் முடிந்து பெரிய இடத்துப் போட்டோ கோஷ்டி ஒன்று வருகிறது. சென்னையிலிருந்து சொல்லி அனுப்பிய ஆட்கள். கயிற்றைத் தாண்டி, மரங்களுக்குப் பக்கத்தில், கரையிலேயே மறைப்புக் கூடாரம் போடப் போகிறார்கள். அவர்கள் போகிற வரைக்கும் கரைக்கதவு யாருக்கும் திறக்கக் கூடாது. ஊர்க்காரர்களுக்கும்தான்.

"கேதம் வந்தா என்னங்கய்யா செய்யிறது?"

"நாலஞ்சு நாள்ல யாரும்மா சாகப் போறாங்க?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரி 12, திங்கள்

நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி விடுங்கள் என்றாள். திருப்பூரில் இருக்கிற நாத்தனாருக்குப் போன் போட்டோம். மாமா நல்ல நினைவோடு இருக்கிறார். வந்தவர்களிடம் எல்லாம் கொட்டு, வேட்டு என்று ஒரே பேச்சு. எல்லோரும் சரி சரி என்று தலையாட்டுகிறார்கள், குழந்தைக்கு நிலாவைப் பிடித்துத் தருவதாகச் சொல்கிற மாதிரி.

கரைக்கதவு விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கும்போது எங்கள் ஊரில் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்த மாட்டோம், காதோடு பேசுகிற மாதிரிச் சொல்வோம். வெளியூர் ஜனம் இதைப் பார்ப்பதற்கென்றே வருகிறது. இன்று ஒரு கூட்டம் எங்கள் வாசலில் வந்து நின்று வீடியோ எடுத்தது. "சோ ஸ்வீட்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, சரியா விழல" என்றாள். சொன்னேன். பானை ஏற்கெனவே பொங்கி வழிந்துவிட்டிருந்தது.

மாமா ஒரு வாய்ச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். வீட்டுக்காரரிடம் இன்றும் சொல்லவில்லை. நல்ல நாளும் அதுவுமாய் எதற்கு.

ஜனவரி 17, சனி

கோஷ்டி வந்துவிட்டது. ஐந்தாறு பேர் இருப்பார்கள். தலைவர் பெயர் ரகுநந்தன். தோளில் தூக்கி வந்த லென்ஸ் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு உயரம். போட்டிருந்தது ஆரஞ்சு நிறச் சட்டை. சால்வையை நீட்டினேன். "வேண்டாம்மா, நாங்க கூடாரத்துக்குள்ளதான இருக்கப் போறோம்" என்றார். ஆனால் கூடாரத்துக்குள் யாரும் இருக்கவில்லை. மரத்தடி வரைக்கும் போனார்கள். போனில் நாரைக்குஞ்சு கத்துகிற சத்தம் போட்டார்கள். தாய்ப்பறவை எழுந்து நின்று அங்குமிங்கும் பார்த்தது. அப்புறம் ஒருவர் சின்னக் கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார்.

ஓடிப்போய், "சார், அதெல்லாம் கூடாது" என்றேன்.

"எங்களுக்குப் பர்மிஷன் இருக்கு. உங்க ரேஞ்சர கேளுங்க."

கேட்டேன். "கண்டுக்காதீங்க" என்றார்.

கோபுரத்தில் ஒரு டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வருடா வருடம் வருகிறவள், மண் நிறத்தில் உடுத்தி, தொலைநோக்கியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நிற்பவள். அவள் இறங்கி வந்து, "எங்களுக்குச் சொல்ற ரூல் அவங்களுக்குக் கிடையாதாம்மா? குஞ்சு இருக்கற நேரம், இப்படிச் செஞ்சா கூட்டை விட்டுட்டுப் போயிடுமே" என்றாள். அவள் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. "மேடம், சத்தமாப் பேசாதீங்க, பறவை மிரளும்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

சாயங்காலம் ரேஞ்சர் வந்தார். சாவியைக் கேட்டார். அவிழ்க்கப் போனேன். "வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும். யார் கேட்டாலும் குடுக்காதீங்க. உங்க ஃபைல் கையெழுத்துக்குப் போயிருக்கு, இந்த நேரத்துல எந்த வம்பும் வரக் கூடாது" என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் மாமா போய்விட்டார். காபி கேட்டார், ஆற்றிக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

அழுதேன். நிஜமாகவே அழுதேன். இந்த வீட்டில் என்னோடு மல்லுக்கட்டிப் பேச ஒரே ஆள் அவர்தான்.

ஊர் கூடியது. இருட்டுவதற்குள் எடுத்துவிடுவது என்று பேசினார்கள். வீட்டுக்காரர் வந்து, "கதவத் தொறக்கணும், சாவிய எடுத்து வையி" என்றார். அப்போதுதான் சொன்னேன். போட்டோ கோஷ்டி போகிற வரைக்கும் யாருக்கும் திறக்க மாட்டார்கள் என்று.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து" என்றேன்.

ரேஞ்சருக்குப் போன் போட்டேன். "அடடா" என்றார். "அந்த ஆளுங்க இன்னிக்கித்தான் குஞ்சுக்கு ஊட்டுறத எடுக்குறாங்களாம். நாளைக்கி வரைக்கும் வச்சிருக்க முடியாதா? இல்லன்னா மெயின் ரோட்டச் சுத்திக் கொண்டு போகச் சொல்லுங்க, சுடுகாட்டுக்கு அந்தப் பக்கமும் வழி இருக்குல்ல?" அவர் பேசியது முழுவதையும் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டார். போனை ஸ்பீக்கரில் நான்தான் போட்டிருந்தேன். அவரே கேட்கட்டும், என்மேல் பழி வேண்டாம் என்று.

"சாவிய நீ குடு. வாரது வரட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றார்.

சாவியை நேற்றே ரேஞ்சர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னேன்.

பூட்டை உடைக்கலாம் என்றார்கள் இளவட்டங்கள். ஊர்த்தலைவர், அம்பலகாரர் வெள்ளைச்சாமி வேண்டாம் என்றுவிட்டார். "செத்தவன் திருடன் மாதிரிப் பூட்ட ஒடைச்சுக்கிட்டாடா போகணும்?" பிறகு அவரே சொன்னார். "கரை நம்மளதுன்னுதான இத்தன காலமா வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம். கரை இல்லயின்னு ஆயிருச்சு. அப்பறம் வாயி மட்டும் எதுக்குப் பொத்தணும்? அடைக்கலம் கேட்டதக் குடுத்து அனுப்புங்க."

பக்கத்து ஊரிலிருந்து கொட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. "இங்கனயா? இந்த மாசத்துலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். யாரோ டவுனுக்குப் போய் வேட்டு வாங்கி வந்தார்கள். முதல் அடி விழுந்தபோது எங்கள் தெரு நாய்கள்கூடக் குரைக்கத் தெரியாமல் நின்றன. சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. தை மாதத்தில் கொட்டுச் சத்தத்தை அவை கேட்டதே இல்லை.

தெருமுனையோடு பொம்பளைகள் நின்றுவிட்டோம். பாடை மெயின் ரோட்டில் ஏறியதும் வேட்டு போட்டார்கள்.

கண்மாய் மொத்தமும் எழுந்தது. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் ஒரே நேரத்தில். வீட்டுக் கூரைகளுக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது. அடுத்த வேட்டு. அடுத்தது. சுற்றிச் சுற்றிப் பறந்தன, இறங்கவில்லை. காக்காய்களும் பருந்துகளும் மட்டும் இறங்கின. நாரைகள் கூட்டில் குஞ்சுகளை விட்டுவிட்டுப் பறந்திருக்கின்றனவே, அதற்கு.

மாமாவுக்கு இதுகள் மலேசியா வரைக்கும் பறக்கணும் என்று ஆசை. பார்க்கத்தான் அவர் இல்லை.

எல்லோரும் குளிக்கப் போனோம். இடுப்பில் ஏதோ அழுத்தி அழுத்தித் தோல் சிவந்து கிடக்கிறது. சீயக்காய் பட்டதும் எரிந்தது.

ஜனவரி 19, திங்கள்

காடாத்து முடிந்தது. தீ ஆற்றி, பால் தெளித்துவிட்டு வந்தார்கள். இதற்கும் ரோட்டைச் சுற்றித்தான் போனார்கள்.

ஜனவரி 21, புதன்

வேலைக்குப் போனேன். கேத வீட்டுப் பொம்பளை என்று தெருவில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அவர்கள் வந்து எனக்காகக் கரி அள்ளப் போகிறார்களா?

மரத்தடியில் முட்டை ஓடும் இறகும். நாரைகளில் பாதி திரும்பி வந்திருக்கின்றன. வந்தவை காலிக் கூட்டின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஓட்டையும் இறகையும் அள்ளிக் குழியில் போடச் சொன்னார்கள். அள்ளினேன்.

போட்டோ கோஷ்டி கிளம்பிவிட்டது. ரகுநந்தன் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்க்கையில ஒரு தடவதாம்மா இப்படிக் கிடைக்கும். மொத்தக் கூட்டமும் ஒரே ஃபிரேம்ல. உங்க ஊர்க்காரங்களுக்கு நன்றி சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

அந்தப் போட்டோ பேப்பரில் வந்திருக்கிறது. வானம் முழுக்கச் சிறகு. கீழே, 'கொறண்டிக்குளத்தில் பறவைகள் கொண்டாட்டம்' என்று போட்டிருக்கிறார்கள். டீக்கடையில் அதை ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் கிழித்துவிட்டு வந்தார்.

வேட்டு போட்டதற்கு அவர்மேலும் அம்பலகாரர்மேலும் கேஸ்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். முருகன் கோயிலில் மைக் செட் கட்டினார்கள். ஊர் வழக்கம் ஒன்று உடைந்த பிறகு அதை ஒட்டவைக்க யாருக்கும் மனசில்லை. "கேஸ் போட்டாச்சுல்ல, இன்னும் ஒண்ணு போடட்டும்" என்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சத்தம் பழகிவிட்டது. வெடியை வைத்துக்கொண்டு கரைக்கதவுக்கு நேர் எதிரே வந்து நின்று போடுகின்றன. என்னைப் பார்த்துக்கொண்டே போடுகின்றன.

மிச்சம் இருந்த நாரைகளும் காலையில் தெற்கே போவதைப் பார்த்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

டாக்டரம்மா மறுபடி வந்தாள். கோபுரத்தில் ஏறி, நின்று, இறங்கி வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டு வந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் ஏதாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்

உத்தரவு வந்தது. நிரந்தரம்.

ரேஞ்சர் அதை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார். வீட்டுக்காரர் வாசலில் மண்வெட்டிக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தார். ரேஞ்சரை உட்காரச் சொல்லவில்லை. நான்தான் நாற்காலி எடுத்துப் போட்டேன்.

"இனிமே கேதத்துக்குக் கரைய எப்ப வேணாலும் திறந்துக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க" என்றார் ரேஞ்சர். "பறவைதான் இல்லையே, பூட்டி என்ன செய்ய? சாவியக் குடுங்க, ஆபீஸ்ல மாட்டி வச்சிருவோம். யாருக்கு வேணுமோ வந்து எடுத்துக்கட்டும்."

நான் நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன்.

"எதுக்கு நாளைக்கி? இடுப்புலதான கிடக்கும் எப்பவும்." வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க சம்சாரத்தப் பாராட்டணும்ங்க. அன்னிக்கி சொந்த மாமனார் கேதத்துலகூட அத அவுத்து யாருக்கும் குடுக்கல பாருங்க. அதச் சொல்லித்தான் மேல எழுதுனேன்."

உள்ளே போய் அவிழ்த்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் கைப்பிடியைச் சீவி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை. முடித்துவிட்டு மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். அப்புறம்தான் பேசினார்.

"கொட்டு நல்லாத்தான் அடிச்சாக."

"ஆமா" என்றேன்.

"எங்கப்பன் கல்யாணத்துக்கு இல்லாதது சாவுக்குக் கெடச்சுச்சு. அவரு ஆசப்பட்டத நெறவேத்தணும்னுதான் நீ சாவியக் குடுக்கல. அப்படித்தான?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கெஞ்சியது. இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் என்னிடம் ஒன்றும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"ஆமாங்க" என்றேன். "அதுக்குத்தான்."

தலையாட்டினார். எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

காரைக்குடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட பஸ் வந்தது. சிவப்புச் சட்டை போட்ட பிள்ளைகளுக்குச் சால்வை போர்த்திவிட்டேன். கை தட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று சொன்னேன். நல்ல பிள்ளைகள். விரலை வாயில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கோபுரத்தில் ஏறி, காலி மரங்களைப் பார்த்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றன.